அக்கா தெருவில் ஆயுதக் கிடங்கு

சேனலில் அவளைக் குயில் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவர் செய்தி ஆசிரியர். அவளுக்குச் சளி பிடித்தால் சேனலுக்கே காய்ச்சல் என்று கேலி செய்வார். வெள்ளமோ தேர்தலோ ரயில் விபத்தோ, அவள் வாசித்தால் ஜனங்கள் அப்படியே நம்பினார்கள். அவளுடைய அம்மா ஒரு படி மேலே போய், மகள் வாசிக்காத செய்தியைச் செய்தியாகவே மதிக்கமாட்டாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டோடு சண்டை மூண்டதும் வாசிக்க வேண்டிய சொற்கள் மாறின. அந்தப் பக்கத்து வீடுகளெல்லாம் ‘இலக்கு’ ஆயின. இங்கே செத்தவர்கள் ‘பலி’, அங்கே செத்தவர்கள் ‘ஒழிப்பு’. இங்கிருந்து போகும் குண்டு ‘பதிலடி’, அங்கிருந்து வரும் குண்டு ‘வெறியாட்டம்’. ஆரம்பத்தில் அவளுக்கு நாக்கு இடறியது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்றுகூடத் தோன்றாத அளவுக்குப் பழகிவிட்டது.

அந்தப் பக்கத்தில்தான் அவளுடைய அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். இரண்டு கரையிலும் பேசுவது ஒரே மொழி. பாலம் திறந்திருந்த காலத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சகஜமாக இருந்தது. இப்போது பாலம் இல்லை. போன் மட்டும் எப்போதாவது கிடைத்தது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அக்கா போன் செய்தாள். அம்மாதான் எடுத்தாள்.

“அம்மா, பக்கத்துத் தெருவுல குண்டு விழுந்திருக்கு. ஜன்னல் கண்ணாடியெல்லாம் போச்சு. அவர் ஒரு வண்டி பேசி வச்சிருக்கார். ஊரை விட்டுக் கிளம்பிடலாமான்னு பாக்கறோம்.”

“எதுக்குடி அலையணும்? குடியிருப்புப் பக்கமே போடலையாம். ராணுவத்து இடத்துல மட்டும்தான் போடறாங்களாம். உன் தங்கச்சியே நேத்து வாசிச்சாளே!”

“நான் கண்ணால பாத்துட்டு சொல்றேன், நீ டிவியைப் பாத்துட்டு சொல்ற. அவகிட்ட குடும்மா.”

போன் கைமாறியது. அம்மா எதிரிலேயே நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ சொல்லுடி,” என்றாள் அக்கா. “ரோட்டுலயும் குண்டு போடறாங்களாம். குழந்தையை வச்சுக்கிட்டு கிளம்பவும் பயமா இருக்கு, இருக்கவும் பயமா இருக்கு. நீ உள்ள இருக்கறவ. போகவா, இருக்கவா?”

அவளுக்கு எதுவும் தெரியாது. கையில் கொடுப்பதை வாசிப்பாள், அவ்வளவுதான். சேனல் ஆட்களின் போனை ஒட்டுக் கேட்கிறார்கள் என்றும் பேச்சு இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வந்தது வேறு.

“வீடுகளைத் தொடமாட்டாங்கன்னுதான் சொல்றாங்கக்கா.”

“நீ சொன்னா சரி,” என்றாள் அக்கா. “தினமும் உன் சேனலைத்தான் போட்டு வைக்கறேன் தெரியுமா? என்ன கண்றாவியை வாசிச்சாலும் குரல் உன்னோடதாச்சே.”

சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள் நடந்தது அது. மத்தியானச் செய்திக்கு வந்த படங்களைப் பார்க்க அவள் படத்தொகுப்பு அறைக்குப் போனாள். திரையில் ஒரு கட்டடம், கீழே ‘ஆயுதக் கிடங்கு தகர்ப்பு’ என்ற தலைப்பு. இரண்டாவது மாடி இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. யாரோ ஒரு பெண் அலறும் சத்தத்தைத் தொகுப்பாளர் நறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். மாடிப்படி மட்டும் முழுசாக நின்றது. அதன் கைப்பிடிக்குத் திட்டுத் திட்டாகப் பச்சை அடித்திருந்தது. அக்காவின் கணவர், மாமா, தன் கையால் அடித்த பச்சை. ‘பெயிண்டா இது, பாசி பிடிச்ச மாதிரி இருக்கு’ என்று அக்கா வாய் ஓயாமல் கிண்டல் செய்த பச்சை.

செய்தி ஆசிரியரிடம் ஓடினாள். “சார், இது கிடங்கு இல்ல. எங்க அக்கா வீடு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இதே மாதிரி கைப்பிடி ஊர்ல எத்தனையோ இருக்கும்மா.”

“இந்தப் பச்சை வேற எங்கயும் இருக்காது சார்.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “மேலேருந்து எழுதி வந்திருக்கு, ஆயுதக் கிடங்குன்னு. நான் ஒரு எழுத்து மாத்தினா என் நாற்காலியில நாளைக்கு வேற ஆள் இருப்பான், அவனும் இதைத்தான் போடுவான். நீ வீட்டுக்குப் போம்மா. வேற யாராவது வாசிக்கட்டும்.”

“இல்ல சார், நானே வாசிக்கறேன்.”

மனதைக் கல்லாக்கிக்கொண்டுவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

விளக்குகள் எரிந்தன. “இன்று காலை நமது படைகள் நடத்திய பதிலடியில்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். “இது கிடங்கு இல்லைங்க. வீடு. எங்க அக்கா வீடு. அங்க ஒரு தையல் மெஷின் இருந்துச்சு. சின்னக் குழந்தை ஒண்ணு இருந்துச்சு. நான்தான் அவங்களை அங்கயே இருக்கச் சொன்னேன்.” கண்ணீர் கழுத்தில் இறங்க இறங்க, நிறுத்தாமல் பேசினாள். ஓரத்திலிருந்த திரையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சண்டை தொடங்கியதிலிருந்து நேரலையைச் சில நொடிகள் தாமதித்துத்தான் அனுப்புகிறார்கள். அவள் நிறுத்திய இடத்திலேயே அவளை வெட்டிவிட்டார்கள். ஊரில் ஒரு காதுக்கும் அது போய்ச் சேரவில்லை.

அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள்.

வீட்டில் அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். “என்னடி, பாதியிலயே உன்னைக் காணோம்? வேற ஒருத்தி வந்து வாசிச்சா. அக்கா ஊர்ல பெரிய கிடங்கைத் தகர்த்துட்டாங்களாமே? அப்பாடா, இனிமே அவளுக்குப் பயமில்ல.”

அவள் சொன்னாள். அம்மா நம்பவில்லை. “போடி, அப்படின்னா டிவில சொல்லியிருக்கமாட்டாங்களா?” என்று கேட்டாள். மறுபடி மறுபடி அதையே கேட்டாள்.

மூன்றாம் நாள் மாமாவின் போன் வந்தது. ரொட்டி வாங்க மகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனவர், திரும்பி வந்தபோது தெரு இல்லை.

“எங்க அடக்கம் பண்ணீங்க மாப்பிள்ளை அவளை?” என்று கேட்டாள் அம்மா. அதன் பிறகு பல நாள் அவள் வாயே திறக்கவில்லை. சின்ன மகள் சோறு போட்டால் சாப்பிட்டாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

சண்டை ஓய்ந்து படகு விட்டதும் இருவரும் போனார்கள். மாமா ஒற்றை அறை வீட்டில் இருந்தார். திட்டவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். குழந்தை பாட்டியின் மடியில் உடனே ஏறிக்கொண்டது.

“சித்திகிட்ட வாடா செல்லம்,” என்றாள் அவள்.

குழந்தை விறைத்துப்போயிற்று. பிறகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டது.

மாமா தரையைப் பார்த்தபடி சொன்னார். “குண்டு விழற சத்தம் கேட்டா, உங்க அக்கா உன் சேனலைச் சத்தமா வச்சிடுவா. அவளுக்கு அது தைரியம். குழந்தைக்கு ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. தப்பா நினைக்காதம்மா. கொஞ்ச நாள் பேசாம இரு.”

அங்கே இருந்த நாளெல்லாம் அவள் பேசவில்லை. பாத்திரம் கழுவினாள், துணி துவைத்தாள், குழந்தை தூங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது அம்மா, குழந்தையோடு இங்கேயே இருக்கிறேன், வரவில்லை என்றுவிட்டாள். படகுத்துறைக்கு மாமா மட்டும் கூட வந்தார்.