கறை என்று கழித்த பதினொன்று

“பதினொரு பேர்ட பேரும் எனக்கு வேணும், சேர்.”

நம்பரைப் பார், பேரைக் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே டொக்டர் றிம்சான் சொல்லியிருந்தார். பெயர்ப் பட்டியல் அவருடைய அலுமாரியில். என்னிடம் இருந்தவை கோடுகள் மட்டும்: ஈறுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, திரும்பி வருவதைக் கருவி வரைந்த கோடுகள்.

கல்முனையில் அந்த ஈறு நோய்ப் பரிசோதனை நடந்தது நோன்பு மாதத்தில். கறை போக மருந்துத் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். விடியுமுன் ஸஹர் சாப்பிட்டு வெற்றிலை போட்டுவிட்டு வந்த நாற்பது பெண்கள் மறுத்துவிட்டார்கள். “நோன்பாளிட வாயில இனிப்பு மருந்த ஊத்துறியா? கெம்பஸில இதத்தானா படிச்ச?” என்று ஜுனைதா மாமி முகத்துக்கு நேரே கேட்டா. வரிசையே சிரித்தது. வரிசையில் நின்ற என் உம்மாவும் சிரித்தா, கொப்பளிக்கவும் இல்லை. நாற்பது பேருக்கும் அப்படியே வெளிச்சம் பார்த்தோம்.

அவர்களில் பதினொரு பேரின் கோடுகள் கோணலாக இருந்தன. “வெத்திலக் கறை, கழிச்சிடுங்க” என்றார் சேர். கழித்தது என் கை.

மூன்று மாதத்துக்குப் பிறகு, நேற்றுத்தான் அவற்றைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வெற்றிலைக் கறை நீலத்தையும் பச்சையையும் விழுங்கும். இந்தக் கோடுகளில் விழுந்த பள்ளமோ சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில். அங்கே கறைக்கு வேலையில்லை. அது ஒட்சிசன் இல்லாமல் மூச்சு முட்டிய இரத்தம். உள்ளே தசை அழன்று கிடக்கிறது. இதற்குள் உம்மா இறைச்சியை விட்டுவிட்டா. சோற்றையும் குழைத்துத்தான் விழுங்குகிறா. கேட்டால் உடம்புச் சூடாம்.

“இது ஆய்வு புள்ள, வைத்தியம் இல்ல. கட்டுரை வரட்டும்” என்றார் சேர்.

“அதுவரைக்கும் வாய் பொறுக்குமா சேர்?”

“கழிச்சது நீங்க. வெளிய தெரிஞ்சா வெளிநாட்டுப் படிப்புக்கு நான் என்னண்டு கடிதம் தாற?”

எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். எங்கே அடித்தால் நோகும் என்று அவருக்குத் தெரியும்.

பிறகு அலுமாரியைத் திறந்தார். பட்டியலைப் பார்த்து ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதிக் கவிழ்த்து வைத்தார். “ஒங்கட உம்மா அதுக்குள்ள இருக்காவா இல்லியா எண்டு இதில இருக்கி. இதோட உடுங்க.”

மையின் நிழல் தெரிந்தது. கை நீளத்தான் பார்த்தது.

“மத்தவங்கட உம்மாமாருக்கு?”

அவர் பேனையை மூடினார்.

பேரைத் தந்திருந்தால் பதினொரு கதவை மட்டும் தட்டியிருப்பேன். தரமாட்டார் என்று தெரிந்துதான் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசிக்கக் காலையிலேயே ஒரு தாள் எழுதிப் பையில் வைத்திருந்தேன்: நோன்பில் வாய் கொப்பளிக்காமல் வெளிச்சம் பார்த்த நாற்பது பேரும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும். பிழை என்னுடையது. கீழே என் பெயர்.

துண்டைத் தொடாமல் எழும்பினேன். கதவைத் திறந்ததும் கடற்காற்று உள்ளே அடித்தது. பின்னால் மேசையில் அந்தத் துண்டு புரளும் சத்தம் கேட்டது. நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.