பெல்ட்டா, கம்ப்யூட்டரா?

கணவனும் மனைவியும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தால் சண்டை போடத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. மதுரை ரோட்டில் பேகம்பூரைத் தாண்டி இருக்கும் யாசின் மோட்டார்ஸில் அந்தச் சனிக்கிழமை காலை டீ ஆறுவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. இருவருக்கும் நடுவில் நின்றது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். ஏறுவதென்றால் உட்கார வேண்டும், இறங்குவதென்றால் யாராவது கை கொடுக்க வேண்டும்.

காரின் சொந்தக்காரர் மிக்கேல்ராஜ். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். தினமும் மல்லிகையை ஏலம் கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போன அந்த மனுஷருக்கு, தலை நரைத்த பிறகு ரேஸ் பைத்தியம் பிடித்தது. கைமாறி வந்த வண்டியை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் ரேஸ் டிராக்கில் ஓட்டப் பெயரும் கொடுத்துவிட்டார். "சாயங்காலம் வருவேன், வண்டி பறக்கணும் பாய்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பறக்க வைக்கும் வேலையில் பாதி யாசினுடையது, பாதி ஷாஹினாவுடையது. யாசின் என்ஜினைத் திறந்து, உள்ளே எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பல் வைத்த டைமிங் பெல்ட்டை மாற்றினான். ஷாஹினா லேப்டாப்பைச் செருகி, எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் புதுக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். எண்ணெய் காயும் முன் கடுகைப் போட்டால் வெடிக்காது, புகைய விட்டுப் போட்டால் கருகும். பொறியும் அப்படித்தான். கொஞ்சம் முந்தினால் என்ஜினுக்குள் டக் டக்கென்று தட்டும், பிந்தினால் வண்டி சோர்ந்துவிடும். பைக்குகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு ஷாஹினாவுக்குக் கை பழகிவிட்டது. கார் மட்டும் இதுதான் முதல்.

அந்த முதல் கார்தான் காலையில் மானத்தை வாங்கியது. ஓட்டிப் பார்க்க எடுத்துப் போனார்கள். கிளம்பும்போது சிங்கம் மாதிரி கிளம்பியது. என்ஜின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டியதும், யாரோ பின்னால் பிடித்து இழுத்தது போல் பொத்தென்று அடங்கிவிட்டது. கரும்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போனது. லாரி டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்ததை ஷாஹினா சாகும்வரை மறக்க மாட்டாள்.

"கம்ப்யூட்டர்ல ஏதோ போட்டுச் சொதப்பிட்ட" என்றான் யாசின்.

"பெல்ட்டை ஒரு பல்லு தள்ளி மாட்டிருப்பீக மச்சான்."

"நான் பெல்ட் மாட்ட ஆரம்பிச்சப்ப நீ சைக்கிளுக்குக் காத்தடிச்சிட்டிருந்த."

"அதான் சொல்றேன், பழைய ஞாபகத்துல மாட்டிருப்பீக."

ஏணி மேல் இருந்து பெயின்டர் பொன்னுத்துரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பட்டறைப் பெயர்ப் பலகை எம்மாத்திரம்? அது பறந்து போய்ப் பக்கத்துக் கோழிக் கடைக் கூரையில் விழுந்து இரண்டாகிவிட்டது. புதுப் பலகையில் எழுதத்தான் பொன்னுத்துரை விடிந்ததும் வந்து ஏணி போட்டிருந்தார்.

பலகை விஷயத்திலும் ஷாஹினாவுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 'என் பேரையும் சேர்த்துப் போடலாம்ல' என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். யாசின் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பந்தயம் வச்சிக்குவோமா?" என்றான் இப்போதும் அதே சிரிப்போடு. "தப்பு பெல்ட்டுல இருந்தா பலகையில உன் பேரு. அதுவும் முன்னால. கம்ப்யூட்டர்ல இருந்தா நீ பைக்கோட நின்னுக்கணும். காரு பக்கம் வரப்படாது."

"வச்சிக்குவோம். பொன்னுத்துரை அண்ணே, நீங்கதான் சாட்சி."

"எனக்கென்னம்மா, யாரு பேருன்னாலும் பெயின்ட்டு ஒண்ணுதான்" என்று பொன்னுத்துரை சாக்பீஸால் கோடு போட்டார். 'யாசின்' என்று அவர் வரைய ஆரம்பித்த இடத்தைப் பார்த்து ஷாஹினா முகம் சுளித்தாள்.

"என்னண்ணே, இடது பக்கம் இம்புட்டு எடம் காலியா கெடக்கு?"

"காத்தோட்டமா இருக்கட்டுமே தாயி."

வார்த்தையை விட்டாகிவிட்டது. யாசின் பெல்ட் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினான். மேலே உள்ள குறி மேலே, கீழே உள்ள குறி கீழே, முடியளவு பிசகவில்லை. ஷாஹினா கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். அப்போதும் பிசகவில்லை. காரைத் தொடக்கூடாதென்றால் கற்றதெல்லாம் எதற்கு? ராப்பகலாகக் கண் எரிய எரியப் போட்ட கணக்கு, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுப் படித்த படிப்பு, அத்தனையும் ஒரு கரும்பு லாரிக்குப் பின்னால் போய்விடுமா?

எதிர் டீக்கடையில் இரண்டு பேர் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொம்பளை கையில் இம்புட்டு விலையுள்ள காரைக் கொடுத்திருக்கிறான் பார் என்று ஒரு வாரமாக அங்கே இதுதான் பேச்சு.

"இன்னொரு தடவை போவோம்" என்றாள். "நீங்க ஓட்டுங்க. நான் லேப்டாப்பைப் பார்த்துட்டு வாரேன்."

சின்னாளப்பட்டி பக்கமாகப் போனார்கள். ரோடு காலியாகக் கிடந்தது. மடியில் லேப்டாப், கண் திரையில். என்ஜினில் காது மாதிரி ஒரு சென்சார் உண்டு. தட்டல் கேட்டதும் அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் பயந்து பொறியைப் பிந்த வைக்கும். மூவாயிரம் சுற்றைத் தாண்டியதும் திரையில் தட்டல், தட்டல் என்று சிவப்புக் கோடாகக் கொட்டியது. கார் பொத்தென்று அடங்கியது.

"பார்த்தியா, பொறியை முந்த வச்சிட்ட. அதான் தட்டுது" என்றான் யாசின்.

முன்னால் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. யாசின் கியரை மாற்றாமல் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை மட்டும் எடுத்தான். கார் உறுமிக்கொண்டே வேகம் குறைந்தது. திரையில் சிவப்புக் கோடு நிற்கவில்லை.

"மச்சான், காலை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சே. ஆட்டு மேலயா ஏத்தச் சொல்ற?"

"மறுபடி ஒரு தடவை வெரட்டிட்டு எடுங்க."

ஆடுகள் போனதும் விரட்டினான், எடுத்தான். மறுபடியும் அதே சிவப்புக் கோடு. ஷாஹினா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலை எடுத்தால் பெட்ரோல் நின்றுவிடும். பெட்ரோல் இல்லையென்றால் உள்ளே எரிய ஒன்றுமில்லை. எரிய ஒன்றுமில்லாத இடத்தில் தட்டல் எங்கிருந்து வரும்?

"நெருப்பில்லாம புகையுமா மச்சான்? இங்க புகையுது! இது பெட்ரோல் தட்டல் இல்ல. வெளியில இருந்து ஏதோ இரும்பு என்ஜினைத் தட்டுது. அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் கம்ப்யூட்டர் ஏமாந்து பின்வாங்குது."

திரும்பிப் பார்த்தாள். யாசின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. வெயிலு."

வண்டியைத் திருப்பினான். பட்டறையில் காரை நிறுத்தியதும், "நீ போயி செத்த நேரம் டீ குடிச்சிட்டு வா புள்ள, களைப்பா இருக்கே" என்றான். கல்யாணமான நாளில் இருந்து அவளை ஒரு தடவைகூட டீ குடித்துவிட்டு வா என்று அனுப்பாத ஆள்! ஷாஹினா தலையாட்டிவிட்டு வாசல் வரை போய், அப்படியே திரும்பி நின்றாள்.

யாசின் பானெட்டைத் திறந்து, தோள் வரை கையை என்ஜினுக்குப் பின்னால் விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தான். கட்டுக்கம்பி அறுபடும் சத்தம். கை வெளியே வந்தபோது அதில் ஒரு லாடம் இருந்தது. தேய்ந்து பளபளத்த குதிரை லாடம்.

"யா அல்லா!" என்றாள் ஷாஹினா.

யாசின் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். ஒளித்து என்ன பயன்?

"குதிரைக்குத்தான லாடம் அடிப்பாக" என்றார் ஏணியில் இருந்து பொன்னுத்துரை. "காருக்குமா பாய்?"

"அண்ணே, நீங்க பலகையைப் பாருங்க" என்று சீறினான் யாசின்.

ஷாஹினாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டு வருபவர்களை நிற்க வைத்துக் கேலி பண்ணுகிறவன் இவன். 'பழத்தைக் கட்டினா பிரேக் பிடிக்குமா? பிரேக் ஷூவை மாத்துய்யா' என்று ஊருக்கே உபதேசம் பண்ணுகிறவன்.

"யாரு கட்டினா இதை?"

யாசின் கையில் இருந்த லாடத்தையே பார்த்தான். "நான்தான். போன வாரம் பழனிக்குச் சாமான் எடுக்கப் போனேன்ல. அடிவாரத்துல குதிரை வண்டிக்காரர்ட்ட வாங்குனேன். தேஞ்ச லாடம்தான் கண் திருஷ்டிக்கு விசேஷமாம்."

"திருஷ்டியா? உங்களுக்கா?"

"எனக்கு என்ன திருஷ்டி? என் மூஞ்சிக்கு எவன் கண்ணு வைக்கப் போறான்? உனக்குத்தான்." குரல் இறங்கிவிட்டது. "டீக்கடையில உக்காந்துக்கிட்டு ஒரு வாரமா எரிஞ்சுக்கிட்டிருக்கானுக. உனக்கு மொதக் காரு. எவன் கண்ணாவது பட்டுத் தொலைச்சிரக் கூடாதுன்னு பெல்ட் மாத்தும்போதே உள்ள கட்டி விட்டுட்டேன். இறுக்கித்தான் கட்டினேன், சத்தியமா. சூட்டுல தளர்ந்து, வேகம் ஏறும்போது ஆடி ஆடித் தட்டியிருக்கு போல."

ஷாஹினா அங்கே கிடந்த டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஊரான் கண் படக்கூடாது என்று கட்டின லாடம், கட்டினவன் பொண்டாட்டி மானத்தையே கப்பலேற்றப் பார்த்திருக்கிறது! சிரிப்பு அடங்கியபோது நெஞ்சுக்குள் ஏதோ இளகி இருந்தது. இந்தக் கிறுக்கனை என்ன செய்வது?

"ஏறுங்க" என்றாள். "இந்தத் தடவை நான் ஓட்டுறேன். நீங்க லேப்டாப்பைப் பிடிங்க."

மூவாயிரம் வந்தது, போனது. நாலாயிரம் வந்தது. திரையில் சிவப்பே இல்லை. கார் மூச்சு விடாமல் ஏறியது. யாசின் ஒரு கையால் லேப்டாப்பையும் ஒரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு, "மெல்லப் புள்ள! மெல்ல! நமக்குப் பிள்ளைக் குட்டி இருக்கு!" என்று கத்தினான். ஷாஹினா கத்தவில்லை. காது வரை சிரித்துக்கொண்டு ஓட்டினாள்.

சாயங்காலம் மிக்கேல்ராஜ் வந்து ஒரு சுற்று போய்விட்டு வந்தார். அவரைக் கைகொடுத்து வெளியே இழுக்க வேண்டியிருந்தது. "தாயி! முகூர்த்த நாள்ல மல்லி வெலை ஏறுற கணக்கா ஏறுதும்மா!" என்று கட்டின தொண்டையில் கூவினார். டீக்கடைக்காரர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தே வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் தன் மருமகனின் காரைக் கொண்டு வந்தால் பார்க்க முடியுமா என்று ஷாஹினாவிடம் கேட்டார்.

கார் போனதும் பொன்னுத்துரை ஏணியில் இருந்து குனிந்தார். "சரி, பஞ்சாயத்தை முடிங்க. தப்பு பெல்ட்டுலயும் இல்ல, கம்ப்யூட்டர்லயும் இல்ல. பந்தயத்துல யாரு ஜெயிச்சது?"

ஷாஹினா நியாயத்தை விட்டுக் கொடுக்கிறவள் இல்லை. "பந்தயம் பெல்ட்டைப் பத்தித்தான் அண்ணே. பெல்ட் சரியாத்தான் இருந்துச்சு. அதனால நான் ஜெயிக்கல. அவரு பேரை மட்டும் எழுதுங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டு லேப்டாப் ஒயரைச் சுருட்டினாள்.

"அப்ப இந்தக் காலி எடத்தை என்னம்மா செய்ய?" என்றார் பொன்னுத்துரை. "விடியக்காலையில, நீ வர்றதுக்கு முன்னாடியே உங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரே. 'முன்னால மூணெழுத்துக்கு எடம் விட்டு எழுதுங்க, அவகிட்ட மூச்சு விடாதீங்க'ன்னு."

ஷா, ஹி, னா. ஷாஹினா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். பந்தயம் பேசுவதற்கு முன்பே, வண்டி ஓடுமா ஓடாதா என்று தெரிவதற்கு முன்பே!

"அப்புறம் எதுக்கு மச்சான் பந்தயம் கட்டினீக? காலையில இருந்து எனக்கு உசுரே இல்ல!"

"நீ கோவத்துல நல்லா வேலை பார்ப்ப" என்றான் யாசின், பழைய சிரிப்போடு.

ஷாஹினா பக்கத்தில் கிடந்த கிரீஸ் துடைக்கும் துணியை எடுத்து அவன் மேல் வீசினாள். அது தோளில் விழுந்தது. அவன் அதை எடுத்து லாடத்தைத் துடைத்து, "இதை எங்க மாட்டுறது?" என்று கேட்டான்.

"பலகையில. என் பேருக்குப் பக்கத்துல" என்றாள் ஷாஹினா. "கட்டுக்கம்பி வேணாம். ரெண்டு ஆணி நல்லா இறுக்கி அடிங்க."