பேசாமல் ஒரு மணி நேரம்

என்னை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னவர்கள் யாரும் இதுவரை ஜெயித்ததில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் வந்த கட்டி நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோதுகூட, டாக்டரோடு அரை மணி நேரம் சண்டை போட்டவள் நான். இரண்டு கீமோ முடிந்து, அன்று பெட் ஸ்கேன். நோய் அடங்கியிருந்தால் இதே மருந்து. இல்லையென்றால் இதைவிடக் கடுமையானது, ஒரு மாதம் தனியறை என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

நர்ஸ் கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றினாள்; நோய் இருக்கிற இடம் அதை இழுத்துக்கொண்டு படத்தில் மின்னுமாம். ஒரு மணி நேரம் அசையக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வேறென்ன, ஆஸ்பத்திரி அதிகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவில் சின்னக் கண்ணாடி. அதற்கு அப்பால் எங்கள் வீட்டுக்காரர் வெளிறிப்போய்ச் சுவரைப் பிடித்தபடி நின்றார். ஸ்கேனுக்காக நான் சாப்பிடக் கூடாது என்பதால் அந்த மனிதரும் பட்டினி. அவருக்கோ சர்க்கரை வியாதி. வந்ததே எனக்கு ஆத்திரம்! அவர் கேன்டீனுக்குப் போகிற வரைக்கும் படுத்தபடியே தொண்டை கிழியத் திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் டாக்டர் திரையைத் திருப்பினார். தொண்டைக்கு நடுவே பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

"ஊசி போட்டப்புறம் ஏதாவது பேசினீங்களா?"

"இல்லவே இல்ல டாக்டர்" என்றேன். சொன்னதைக் கேட்காதவள் என்று பேர் வாங்குவானேன்?

அவர் முகம் இறுகியது. அப்படியானால் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், மருந்தையும் மாற்ற வேண்டி வரலாம் என்றார். பயத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இருபத்தாறு வருஷத்தில் என் பேச்சை ஒருமுறைகூட மறுத்திராத மனிதர் எழுந்து நின்றார்.

"பொய் சொல்றா டாக்டர். நான் சாப்பிடலன்னு கால் மணி நேரம் திட்டினா."

டாக்டர் படத்தை மறுபடி மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். வேலை செய்கிற தசை அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், மின்னுவது குரல்வளைத் தசைதான் என்றார். பழைய கட்டிகள் இருந்த இரண்டு பக்கமும் இருட்டு. அதே மருந்து தொடரட்டும் என்று எழுதினார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார்: "இப்ப சாப்பிடலாமா?"

பாவி மனுஷன், இன்றைக்கும் பட்டினி. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.