ஊழியர்கள் சார்பில் நன்றி

மரணத்தின் முன்னிலையில் பொய் நிற்பதில்லை. அரசனானாலும் ஆண்டியானாலும் அங்கே உண்மையின் வெளிச்சத்தில்தான் நின்றாக வேண்டும். ஆகவே சொலாஞ், திருப்பலி தொடங்குவதற்குள், இறந்துபோன தன் அப்பாவின் எட்டு நண்பர்களையும் தேவாலயத்தின் பக்கச் சுவரோரம் வரிசையாக நிறுத்திவைத்து, யாராவது கேட்டால் என்ன பொய் சொல்ல வேண்டும் என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரெங்கோ மாமா, நீங்க சொல்லுங்க. அப்பா எங்க வேலை பாத்தாரு?”

“சமஸ்தானத்துக் கஜானாவுல.”

“நீங்க?”

“நானும் கஜானாதான்.”

“எட்டு பேருமா?”

“பெரிய கஜானாம்மா.”

வரிசையின் கடைசியில் இருந்த ஃபிலிபெர் கையைத் தூக்கினார். “கஜானாவுல எனக்கு என்ன வேலை?”

“வாயத் தொறக்காத வேலை” என்றார் ஒரெங்கோ. “முப்பது வருஷத்துல ஒரு நாளும் ஒழுங்கா பாக்கலயே, இன்னிக்காவது பாரு.”

எட்டு பேரும் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டிலேயே வந்திருந்தார்கள். அவர்களிடம் இருந்த ஒரே நல்ல உடை அதுதான். அதன் பைகளெல்லாம் சட்டப்படி தைத்து மூடப்பட்டவை. சூதாட்ட மேஜையில் வேலை பார்ப்பவனுக்குப் பை ஆகாது, காசு உள்ளே போய்விடும். எனவே ஜெபப் புத்தகம், தொப்பி, கைக்குட்டை எல்லாவற்றையும் கையில் பிடித்தபடி, ரயிலைத் தவறவிட்டவர்கள் மாதிரி நின்றார்கள்.

அப்பா அமெதே முப்பத்தோரு வருடம் மலைக்குக் கீழே, மான்டே கார்லோ சூதாட்ட மாளிகையில், ரூலெட் சக்கரத்தில் பந்து வீசியவர். ஜெர்மனியில் சூதாட்டத்தைத் தடை செய்தபோது அவருடைய தாத்தா சக்கரத்தின் பின்னாலேயே இங்கே வந்து சேர்ந்தார். எலுமிச்சை தவிர வேறொன்றும் காய்க்காத பாறைக்கு அந்தச் சக்கரம் ஓட்டலும் நாடக மாளிகையும் ரயிலும் கொண்டுவந்தது. அங்கே தோற்ற இளவரசர்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. பந்தை வீசியவர்கள் மலைமேல் போசொலேயில், மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத வீடுகளில் இருந்தார்கள்.

சொலாஞ் வாழ்க்கைப்பட்டதோ நீஸ் நகரத்து நோட்டரி குடும்பத்தில். சீட்டுக்கட்டு நுழையாத வீடு. சூது என்ற சொல் காதில் விழுந்தாலே மாமியார் மதாம் வில்நேவ் ஜன்னலைத் திறந்துவிடச் சொல்வார். அவளும்தான் என்ன செய்வாள்? அப்பாவுக்குக் கஜானாவில் வேலை என்றாள்.

“கஜானாவா?” என்று கேட்டுவிட்டு அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “சரி. யூனிஃபாரம் உண்டா?”

கல்யாணத்தன்று அவருக்கு வெள்ளைக் கையுறை வாங்கிக் கொடுத்து, “கைய மட்டும் சும்மா வெச்சுக்கங்கப்பா” என்றாள். பிஸ்கட்டைக் கண்டால் அவர் விரல்கள் தாமாகவே சூதாட்டச் சில்லுபோல அடுக்கிவிடும். விருந்து முடியும்வரை அவர் ஒரு பிஸ்கட்டையும் தொடவில்லை. அதன்பிறகு பன்னிரண்டு வருடத்தில் இரண்டு தடவைதான் மகள் வீட்டுக்கு வந்தார். இரண்டு தடவையும் கையை முட்டிக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திருப்பலி அழகாகவே நடந்தது. பாதிரியாருக்கும் கஜானா என்றுதான் சொல்லியிருந்தது. அவர் உருகிப்போய், பிறர் பொன்னைக் காத்த கரங்கள் இன்று வானுலகக் கஜானாவை அடைந்தன என்றார். ஃபிலிபெர் இருமினார். ஒரெங்கோ அவர் காலை மிதித்தார். அதோடு சரி.

கடைசியாக ஒவ்வொருவராகச் சவப்பெட்டிமேல் தீர்த்தம் தெளித்துவிட்டு, பக்கத்தில் இருந்த மர உண்டியலில் காணிக்கை போட வேண்டும். மதாம் வில்நேவ் முதலில் எழுந்தார். கறுப்புச் சல்லாத் துணி, தந்தப் பிடி வைத்த கைத்தடி. தெளித்தார். பெரிய நாணயமொன்றை எடுத்து உண்டியலின் துளையில் விட்டார். மரத்தில் நாணயம் இறங்கும் அந்தச் சத்தம், ‘டொக்’.

“நன்றி மதாம், ஊழியர்கள் சார்பில்!”

எட்டுக் குரல். ஒரே தாளம். சூதாட்ட மேஜையில் யாராவது இனாம் போட்டு, அது மேஜைத் துளைக்குள் விழும் சத்தம் கேட்டால், மேஜையைச் சுற்றி நிற்கும் ஊழியர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் உரக்கச் சொல்வார்கள். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். எட்டு பேரும் பாதித் தூக்கத்தில்தான் இருந்தார்கள்.

குழம்பிய பாதிரியார் “ஆமென்” என்றார்.

சொலாஞ்சின் கணவன் பெர்னார் அவள் காதருகே குனிந்தான். “கஜானாவுல இனாம் எல்லாம் உண்டா?”

அவள் காலடிக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி நீஸில் எந்த வீட்டு வாசலை மிதிப்பது என்று மனசுக்குள் ஓடியது. ஆகவே மாமியார் திரும்பிக்கூடப் பார்க்காமல், பழகிய தோரணையில் இரண்டு விரலை மட்டும் தூக்கி அசைத்ததை அவள் பார்க்கவில்லை. காதில்தான் விழுந்தது.

“இருக்கட்டும், ஒரெங்கோ.”

யாரும் அந்த இருவரையும் அறிமுகம் செய்துவைத்திருக்கவில்லை.

கல்லறைக்கு ஏறும் பாதையில் மதாம் வில்நேவ் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெகுநேரம் கைத்தடி மட்டும்தான் பேசியது.

“வியாழக்கெழம வியாழக்கெழம அநாதை இல்லத்துக்குப் போறேன்னு சொல்வேனே.”

“ஆமா அத்தே.”

“அநாதை இல்லமெல்லாம் ஒண்ணும் கெடையாது.”

சொலாஞ் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“உங்கப்பா மேசையில நான் ஜெயிச்சதே இல்ல. ஆனா தோக்கறப்ப மூஞ்சியப் பாக்க மாட்டாரு பாரு, அந்த மரியாதைக்காகவே அங்க போயி உக்காருவேன். கல்யாணத்தன்னிக்கு அவரக் கண்டதும் எனக்குப் பாதி உசுரு போயிடுச்சு. அவரு நேரா வந்து, முன்னப் பின்னப் பாக்காதவரு மாதிரி என் கையில முத்தம் குடுத்து, ‘சந்திச்சதுல சந்தோஷம் மதாம்’னாரு. எம்மானத்தக் காப்பாத்தத்தான் கஜானாவுல இருக்கேன்னு பொய் சொல்றார்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்.” கைத்தடி நின்றது. “அது நீ சொன்ன பொய்யா?”

“ஆமா அத்தே.”

“ஓ” என்றார் மாமியார். மருமகளின் கையிலிருந்து தன் கையை மெல்ல எடுத்து, சல்லாத் துணியைச் சரிசெய்துகொண்டார். மறுபடி பிடிக்கவில்லை.

குழிக்கரையில் எட்டு பேரும் தொப்பியையும் புத்தகத்தையும் புல்லில் வைத்தார்கள். சூதாட்ட மேஜையை விட்டு விலகும் ஊழியன் செய்வதுபோல ஒவ்வொருவராக முன்னால் வந்து, ஒருமுறை கைதட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டி, புறங்கையையும் திருப்பிக் காட்டினார்கள். எதையும் எடுத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஃபிலிபெருக்கு மூக்கு ஒழுகியது. கையைக் காட்டி முடிக்கும்வரை துடைக்கவில்லை.

“அவருக்குப் பதிலா யாராச்சும் காட்டணும்மா” என்றார் ஒரெங்கோ. “அவரால இப்ப முடியாதில்ல.”

சொலாஞ் கையுறையைக் கழற்றினாள். முன்னால் போய்க் கைதட்டினாள். சத்தம் சரியாக வரவில்லை. விரலை விரித்துக் குனிந்தபோது பெட்டி கயிற்றில் ஆடியபடி இறங்கிக்கொண்டிருந்தது. மூடியில் பதித்த பித்தளைத் தகட்டில், அமெதேயின் பெயருக்குக் கீழே, ‘கஜானா அதிகாரி’ என்று பொறித்திருந்தது.