கர்னலின் கழுத்துப்பட்டி

ஆண்டிஸ் மலையில் கறிக்கு வளர்க்கும் கினிப்பன்றி இல்லாத அடுப்படி ஏது? செவெரினாவின் அடுப்படியில் பதினெட்டு ஓடித் திரிந்தன. சட்டை போட்டது ஒன்று மட்டும். அதன் பெயர் கர்னல்.

ஊர்த் திருவிழாவின் உடுப்புப் போட்டிக்குப் போகிறவன் அவன். போன வருடம் நாத்தனார் ஹெர்மெலிந்தாவின் கினிப்பன்றி மணப்பெண் பாவாடையில் வந்து பரிசைத் தட்டிப் போயிருந்தது. செவெரினாவுக்குப் பொறுக்குமா? சிவப்புக் கம்பளிக் கோட்டு தைத்தாள். நடுவர் முன்னால் தன் புழுக்கையையே தின்று மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று, கழுத்தைச் சுற்றி விறைப்பான அட்டைப்பட்டியும் வைத்தாள். பழகட்டும் என்று ஒரு மாதம் முன்பே மாட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து கர்னல் இளைத்தான். குதிரைமசால் புல்லை வாரி வாரித் தின்றும் கோட்டு தொளதொளத்தது. இரண்டு தரம் பிடித்துத் தைத்தாயிற்று.

"திருவிழாவுக்குள்ள தேறலேன்னா வாணலிதான்," என்றான் அவள் கணவன் நிக்கானோர். செவெரினாவுக்கு அன்று உருளைக்கிழங்கு இறங்கவில்லை.

பத்து நாள் இருக்கும்போது ஹெர்மெலிந்தா வந்தாள்.

"என்ன அண்ணி, கர்னலுக்குப் போர்ல தோல்வியா?"

"கண்ணு பட்டிருக்கு. உன் கண்ணுதான்."

"என் கண்ணு கிடக்கட்டும். இந்தப் பட்டியோட இவன் எப்படிக் குனிவான்?"

"கர்னல் எதுக்குடி குனியணும்?"

"அங்க பாருங்க."

அடுப்போரம் கொழுகொழுவென்று இருந்த ஒன்று வயிற்றுக்கடியில் தலையை விட்டு, மெத்தென்று வந்ததை அப்படியே வாங்கி, கண்ணைச் செருகி மென்றது.

"புல்லு ஒருதரம் வயித்துக்குள்ள போனா பாதிச் சத்து வெளிய வந்துடும் அண்ணி. ரெண்டாந்தரம் தின்னாத்தான் உடம்புல ஒட்டும். நீங்க மரியாதை சொல்லிக் குடுக்கிறேன்னு அவனைப் பட்டினி போட்டிருக்கீங்க."

"இதைச் சொல்ல இத்தனை நாளா உனக்கு?"

"நீங்க கூப்பிட்டாத்தானே வர!"

பட்டியைச் செவெரினா பல்லாலேயே பிய்த்தெடுத்தாள். கர்னல் உடனே குனிந்தான். பிறகு அவன் உடம்பு தேறத் தேற, பிடித்த தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியதாயிற்று.

திருவிழாவில் பொத்தான் தெறிக்கும் கோட்டோடு மேடையேறினான் கர்னல். நடுவர் குனிந்தார், அவனும் குனிந்து தன் காரியத்தைப் பார்த்தான். கூட்டம் சிரித்ததில் சிச்சா என்ற சோளக்கள் குவளைகள் தளும்பின.

"கர்னல் சாப்பிடுறார், தொந்தரவு பண்ணாதீங்க!" என்று செவெரினா கத்தினாள்.

பரிசு வேறு யாருக்கோ போனது. நிக்கானோர் கர்னலைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தான்.

"வாணலி?" என்றாள் செவெரினா.

"இந்த உடம்பையா? இவன் குட்டிகளுக்கு அப்பனா இருக்கட்டும்."

ஹெர்மெலிந்தா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். "அண்ணி, என் மணப்பெண்ணுக்கு இவனை மாப்பிள்ளையா அனுப்புங்களேன்."

"அனுப்புறேன். சாப்பிடுறப்ப மட்டும் யாரும் அவனைக் கேலி பண்ணக் கூடாது."