செவ்வரளி மாலை

தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் நல்லம்மாளின் பசு வாயில் நுரை தள்ளி நின்றது. பின்னங்கால்கள் நடுங்கின. குனோங் ராபாட்டிலிருந்து வாரந்தோறும் காரில் வந்து அம்மனுக்கு மாலை சாத்தும் ஞானம்மா, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வைத்தியத்தில் இறங்கினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அவர். அது ரப்பர் எடுக்கும் பால்மரத் தோட்டமாக இருந்த காலத்தில் அவருடைய தந்தை மாட்டு வைத்தியர். தோட்டம் எண்ணெய்ச் செம்பனையாக மாறிய பிறகும், மாட்டுக்கு ஒன்றென்றால் அங்கு எல்லாரும் டீச்சரைத்தான் தேடுவார்கள்.

பசுவைப் பார்த்ததுமே களைக்கொல்லி நஞ்சு என்று அவர் தீர்ப்பு வழங்கிவிட்டார்.

“புல்லு மருந்துதான். நேத்து வேலியோரம் அடிச்சது யாரு?”

“நான்தான் டீச்சர்,” என்றான் கோயில் வேலையாள் சீனி. “வேலிக்கு அந்தப் பக்கம்தான் அடிச்சேன். மாடு அங்க போகவே இல்லலா.”

“போர்டு வெச்சியா?”

“வெக்கல.”

“அப்புறம் என்ன பேச்சு?”

எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றே, கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கோயில் தலைவரை அழைத்தார். சீனியை இன்றோடு நிறுத்திவிடும்படி சொன்னார். “நீங்க சொன்னா சரிதான் டீச்சர்,” என்றது தலைவரின் குரல். சீனி தலை குனிந்துகொண்டான்.

தும்பை, வெற்றிலை, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் ஆகியவற்றை இடித்து உருட்டி, கல்லுப்பில் புரட்டிப் பசுவின் நாக்கில் தேய்த்தார் ஞானம்மா. கால்நடை மருத்துவரை நல்லம்மாள் முன்பே அழைத்திருந்தாள். அவர் வந்து சேரும்வரை மாட்டைப் படுக்க விடக்கூடாது என்பது டீச்சரின் கட்டளை.

“நடத்து. நடந்தாத்தான் நஞ்சு இறங்கும்.”

சீனி கயிற்றைப் பிடித்து இழுத்தான். நல்லம்மாள் பின்னாலிருந்து தள்ளினாள்.

கை கழுவ மாட்டுத் தொட்டியருகே போன ஞானம்மா அங்கேயே நின்றுவிட்டார். தொட்டியின் ஓரத்தில் மென்று துப்பிய மஞ்சள் நூல் கிடந்தது. அதில் அவர் மட்டுமே போடும் இரட்டை முடிச்சு. முடிச்சில் இரண்டு சிவந்த இதழ்கள்.

செவ்வரளி.

அம்மனுக்குச் சாத்திக் களைந்த மாலை குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது, காலில் மிதிபடக்கூடாது. அது அவர் விதித்த ஒழுங்கு. ஆகவே களைந்த மாலையைப் பசுவுக்குப் போடுவார். வழக்கமாக அது சாமந்தியாக இருக்கும். போன வாரம் யாரோ வேண்டுதலுக்காகக் கொடுத்த அரளியை அவரேதான் கட்டினார். இன்று காலை, செருப்பை வரிசையாக விடாதவர்களைக் கண்டித்துக்கொண்டே, கையிலிருந்தது என்னவென்று பாராமல் மாட்டுத் தொட்டியில் போட்டிருந்தார்.

நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தக் கணத்தில் அவர் கை அதைத்தான் செய்தது.

கொட்டகையைச் சுற்றிக் குளம்புகள் தேய்ந்து நகரும் ஓசை கேட்டது. அரளி தின்ற மாட்டை ஓரடிகூட நடத்தக்கூடாது, நெஞ்சு நின்றுவிடும் என்பது தந்தையின் முதல் பாடம்.

“போதும், நிறுத்துங்க,” என்றார்.

“நடந்தாத்தான் எறங்கும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?” நல்லம்மாள் அழுதுகொண்டே தள்ளினாள். “இழுடா சீனி.”

காரணம் சொல்லாமல் நிறுத்த முடியாது. பசுவின் முன்னங்கால் ஒரு முறை மடங்கி நிமிர்ந்தது. ஞானம்மா நூலை எடுத்து நீட்டினார்.

“மருந்து இல்ல. அரளி. நான் போட்ட மாலை.”

சீனி கயிற்றை விட்டான். பசு அப்படியே படுத்தது. நல்லம்மாள் ஒரு வார்த்தையும் ஏசவில்லை. “நீங்க அங்கிட்டுப் போயி உக்காருங்க டீச்சர்,” என்று மட்டும் சொன்னாள். ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

மருத்துவர் வந்து ஊசி போட்டார்; குழாய் வழியாகக் கரித்தூள் கரைத்த நீரைச் செலுத்தினார். இன்னும் நடத்தியிருந்தால் மாடு போயிருக்கும், இனிப் பிழைத்துவிடும் என்று சொல்லிப் புறப்பட்டார். பசுவின் மூச்சு மெல்லச் சீரானது. நல்லம்மாள் அதன் கழுத்தைத் தடவியபடி இருந்தாள். டீச்சர் இருந்த பக்கம் திரும்பவேயில்லை.

சீனி வந்து எதிரே நின்றான்.

“தலைவருக்கு இன்னொரு தடவ போன் அடிங்க டீச்சர்.”

ஞானம்மா கைப்பேசியை எடுத்துக் காதில் வைக்கப் போனார்.

“காதுல வேணாம். அப்ப போட்ட மாதிரியே போடுங்க.”

அவர் ஸ்பீக்கரை அழுத்தினார். மணி மூன்று முறை ஒலித்தது.

“சொல்லுங்க டீச்சர். அந்தப் பய போயிட்டானா?”

ஞானம்மா கைப்பேசியை எல்லாருக்கும் நடுவில் நீட்டிப் பிடித்தார். நல்லம்மாள் இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

“நான்...” என்று தொடங்கினார்.