ஞாயிற்றுக்கிழமைப் புல்

புல்கட்டின் மேல் ஏறி முழங்காலை ஊன்றி, கயிற்றை இரண்டு கைகளாலும் இழுத்து முடிச்சுப் போட்டாள் சின்னவள். உள்ளங்கை எரிந்தது. துணிக்கும் ஊசிக்கும் பழகிய தையல்காரியின் கை. கயிறு இரக்கம் பார்க்கவில்லை.

"மேற்கே பார்க்காதே. முடிச்சைப் பாரு" என்றாள் அம்மா. தலை நிமிராமல் கவைக்கம்பால் அடுத்த குவியலைத் திரட்டிக்கொண்டிருந்தாள்.

மேற்கைப் பார்க்காமல் எப்படி இருப்பது? அங்கே வானம் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, காற்று நின்றுபோனது. வேலியோரத்து மரங்களில் ஓர் இலை அசையவில்லை. கோழிகள் யாரும் விரட்டாமலே கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. நிலத்தில் பாதிப் புல் இன்னும் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அப்பா அறுத்துப் போட்ட புல். நெஞ்சு களைத்துவிட்டது, இனி கையில் ஒரு வேலையும் எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன மறுநாளே அரிவாளைத் தீட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மொத்தத்தையும் அறுத்து, காயட்டும் என்று பரப்பிவிட்டு, வீட்டுக்குள் போய்ப் படுத்தவர்தான். புல் காய்ந்துவிட்டது. அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

எல்லாவற்றையும்விட, இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதுதான் சின்னவளுக்கு ஜீரணமாகவில்லை.

இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு தக்காளியைக்கூடப் பறிக்கமாட்டார்கள். பால் கறப்பதும் தீவனம் போடுவதும் மட்டும் உண்டு. மாட்டுக்குக் கிழமை தெரியாது என்று அப்பா அதற்கு விலக்குக் கொடுத்திருந்தார். மற்றபடி சர்ச், சாப்பாடு, தூக்கம். அவரைவிட அம்மா ஒரு படி மேல். சனிக்கிழமையே காய் நறுக்கி வைத்துவிடுவாள். அந்த அம்மா விடிந்தும் விடியாததுமாகப் போன் செய்து, கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்பி வா, புல்லை இன்றைக்கே கொட்டகையில் ஏற்றியாக வேண்டும் என்றாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைம்மா."

"அதை மேகத்துக்கிட்டப் போய்ச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டாள்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நேராக அப்பாவைப் பார்க்கப் போனவளை அம்மா வாசலிலேயே மறித்தாள். ராத்திரியெல்லாம் இருமலாம், பால் குடித்துவிட்டு இப்போதுதான் கண் அசந்தாராம், எழுப்பி வைக்காதே என்றாள். கதவிடுக்கு வழியாகப் போர்வையும் சுற்றுகிற ஃபேனும் தெரிந்தன. சரி, தூங்கட்டும் என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிலத்தில் இறங்கிவிட்டாள்.

புல் என்றால் இங்கே வெறும் புல் இல்லை. நகரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் அண்ணன், பெரியவன், போன மாதம் வந்து கறாராகப் பேசிவிட்டுப் போனான். வயதான காலத்தில் இந்த அவஸ்தை எதற்கு, என்னோடு வந்து இருங்கள் என்றான். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. கடைசியில் அம்மாவே ஒரு நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டாள்: வறண்ட மாதங்களுக்கு வேண்டிய தீவனத்தை இந்த வருஷம் சேர்க்க முடியாவிட்டால், மாடுகளை அனுப்பிவிட்டு அவனோடு வந்துவிடுகிறோம். அன்றைக்கு அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அரிவாளைத் தீட்டினார்.

அவருக்கு அக்கம்பக்கத்தில் 'போதும்' என்றுதான் பெயர். ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலையை விட்டுவிட்டு, மனைவி மக்களோடு இந்தத் துண்டு நிலத்துக்கு வந்தவர். ஒரு கிணறு, இரண்டு மாடு, கோழிகள், காய்கறிப் பாத்திகள். பக்கத்து நிலம் விலைக்கு வந்தபோது வாங்கிப் போடுங்களேன் என்றார்கள், போதும் என்றார். மகன் டிவி வாங்கித் தருகிறேன் என்றான். ரேடியோ போதும் என்றார். அவருக்குப் போதாமல் இருந்தது ஜெபம் ஒன்றுதான். தட்டில் இருக்கும் ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாக நன்றி சொல்வார். அவரைக்காயில் தொடங்கி உப்புக்கு வந்து சேருவதற்குள் சாப்பாடு ஆறிவிடும். 'கர்த்தரே, அப்பாவைச் சீக்கிரம் ஆமென் சொல்ல வையும்' என்று சின்ன வயதில் பெரியவன் ஒருநாள் சத்தமாகவே ஜெபித்துவிட்டான். முதலில் சிரித்தது அப்பாதான்.

தள்ளுவண்டியைக் கொட்டகையில் காலி செய்துவிட்டுத் திரும்பும்போது சின்னவளுக்கு நாக்கு வறண்டது. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்றாள்.

"வாசல் பானையிலயே மொண்டுட்டு வந்துடு. உள்ள போகாதே" என்றாள் அம்மா.

மொண்டாள். செம்போடு திரும்பியவள் நின்றாள். ஒரே ஒரு பார்வை பார்த்தால் என்ன? செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி உள்ளே போனாள்.

அப்பா மல்லாந்து படுத்திருந்தார். போர்வை நெஞ்சு வரைக்கும் இருந்தது. முகத்தில் வலி எதுவும் இல்லை. "அப்பா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். கையைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. ஃபேன் காற்று என்று நினைத்தாள். நினைக்க ஆசைப்பட்டாள். மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். காற்று பட்டது. மூச்சா, ஃபேனா?

சுவிட்சை அணைத்தாள். இறக்கைகள் தயங்கித் தயங்கி நின்றன. மறுபடியும் விரலை வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

கத்துவதற்குத் திறந்த வாயை அவளே கையால் பொத்திக்கொண்டாள். நாம் வெளியே கயிறு இழுத்துக்கொண்டிருந்தபோது, யாருமில்லாமல் போய்விட்டாரே. கால்கள் தாமாக வாசல் பக்கம் திரும்பின. ஜன்னல் வழியாக அம்மா தெரிந்தாள். கறுத்த வானத்துக்குக் கீழே, குனிந்த முதுகு, சேர்ப்பதும் குவிப்பதுமாக.

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், கவைக்கம்பு அப்படியே கீழே விழும். சர்ச் மணி அடிக்கும். சபை முழுக்க வந்து முற்றத்தில் உட்காரும். அடக்கம் முடியும்வரை அந்தப் புல்லை யாரும் தொடமாட்டார்கள். மழை தொடும். நனைந்த புல்லில் பூஞ்சை பிடிக்கும், மாடுகள் வாய் வைக்காது. பிறகு மாடுகள் போகும், அம்மா மூன்றாவது மாடிக்குப் போவாள். நெஞ்சு களைத்த மனிதர் கடைசியாகச் செய்த வேலை மண்ணோடு மக்கிவிடும்.

சொல்லாவிட்டால்? புருஷன் செத்துக் கிடக்க, பெண்டாட்டியைப் புல் அள்ளவிட்ட மகள் என்று ஆகும். அம்மா அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

சின்னவள் மறுபடி ஃபேனைப் போட்டாள். அது ஓடவில்லையென்றால் அம்மாவுக்குச் சந்தேகம் வரும். கதவைச் சாத்தி வெளியே கொண்டி போட்டாள். பானைத் தண்ணீரை வாரி முகத்தில் அடித்துக்கொண்டு நிலத்துக்கு நடந்தாள்.

"தூங்குறார்ம்மா" என்று செம்பை நீட்டினாள்.

அம்மா செம்பை வாங்கினாள். ஒரு கணம் மகளைப் பார்த்தாள்.

"தூங்கட்டும்" என்றாள். அண்ணாந்து குடித்தாள்.

அதற்குப் பிறகு சின்னவளுக்குக் கை எரிந்ததே தெரியவில்லை. வெறி பிடித்த மாதிரி கட்டினாள், ஏற்றினாள், தள்ளினாள். ஒவ்வொரு தடவை வண்டி வீட்டைக் கடக்கும்போதும் அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிடுவாளோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அம்மா பார்க்கவில்லை. அது நல்லதாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

போன் அடித்தது. அண்ணன். காரில் வந்துகொண்டிருக்கிறானாம். மழை பெரிதாக வரும் என்கிறார்களாம், இருவரையும் இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று புறப்பட்டானாம். புல் போனால் போகட்டும், அம்மாவை உள்ளே போய் உட்காரச் சொல் என்றான். சின்னவள் உம் கொட்டினாள்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"தூங்குறார்ண்ணா."

"கொஞ்சம் போனைக் குடேன். குரலையாவது கேக்கறேன்."

"எழுப்ப வேண்டாம்ணா. நீ பார்த்து ஓட்டிட்டு வா."

துண்டித்துவிட்டுக் கண்ணை முழங்கையால் துடைத்தாள். இந்த ஒரு பொய்க்கு அண்ணன் தன்னோடு எத்தனை வருஷம் பேசாமல் இருப்பான் என்று தெரியவில்லை.

அடுத்த சோதனை சைக்கிளில் வந்தது. வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாகப் போதகர், கைப்பிடியில் ஒரு தோல் பை. ஆராதனைக்கு வராத குடும்பத்தைத் தேடி வந்திருந்தார். நிலத்தையும் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னைக்கு ஓய்வுநாளைப் பத்திதான் பிரசங்கம். கேக்க வேண்டியவங்க ரெண்டு பேரும் இங்க இருக்கீங்க."

"அப்புறம் கேட்டுக்கறேன் பாஸ்டர். அந்தக் கயித்தை இப்படிப் போடுங்க" என்றாள் அம்மா.

பையில் அப்பமும் திராட்சை ரசமும் இருந்தன. படுத்திருப்பவருக்குத் திருவிருந்து கொடுத்துவிட்டு வந்து கயிறு எடுத்துத் தருகிறேன் என்று வீட்டைப் பார்க்க நடந்தார். சின்னவள் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். இப்போதுதான் தூங்கினார் என்றாள்.

"எழுப்ப மாட்டேன்மா. கட்டில் பக்கத்துல நின்னு ஒரு சின்ன ஜெபம். அவ்வளவுதான்."

அவள் வழியைவிட்டு நகரவில்லை. போதகரின் புருவம் உயர்ந்தது. அந்த நேரம் பார்த்து அம்மாவின் குரல் வந்தது.

"புல்லை ஏத்திட்டு எல்லாருமாச் சேர்ந்து போவோம் பாஸ்டர். உங்க கையும் சேர்ந்தா சீக்கிரம் ஆகும்."

அந்தக் குரலுக்கு மறுபேச்சுக் கிடையாது. போதகர் பையைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். அவர் கட்டிய முதல் கட்டு வண்டி ஏறுவதற்குள் அவிழ்ந்தது. இரண்டாவதும் அவிழ்ந்தது. கட்டத் தெரியாதவர் மேலே நின்று வாங்கிப் போடலாம் என்று அம்மா அவரைப் பரணுக்கு ஏற்றிவிட்டாள். அங்கிருந்து தும்மல் சத்தமும் இடையிடையே ஸ்தோத்திரமும் கேட்டன.

காற்று மறுபடி கிளம்பியபோது அதில் மண் வாசனை இருந்தது. கடைசி வண்டி. முதல் சொட்டு சின்னவளின் கழுத்தில் காசு கனத்தில் விழுந்தது. வண்டியின் ஒரு சக்கரம் பாத்தியில் இறங்கிக்கொண்டது. அம்மா தோளைக் கொடுத்தாள், மகள் நெஞ்சைக் கொடுத்தாள். வண்டியை மூடியிருந்த தார்ப்பாய் காற்றில் படபடத்து முகத்தில் அறைந்தது. இன்னொரு தள்ளு. சக்கரம் ஏறியது. கொட்டகைக்குள் வண்டி நுழையவும் தகரக் கூரையில் மழை மொத்தமாக இறங்கவும் சரியாக இருந்தது.

மூவரும் மூச்சு வாங்கினார்கள். பரண் முகடுவரை புல். மாடுகள் இரண்டும் புல் வாசனையை மோந்துகொண்டு நின்றன.

போதகர் இறங்கி வந்து கூரைத் தண்ணீரில் கை கழுவினார். ஆணியிலிருந்து பையை எடுத்தார்.

"வாங்க, இப்ப எழுப்பலாம்."

சின்னவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. போதகரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"பை அங்கேயே இருக்கட்டும் பாஸ்டர். அவருக்கு இனிமே அது வேண்டாம்."

போதகர் பையோடு அசையாமல் நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, நனைந்த சட்டையிலேயே துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் சின்னவள்.

"நீ தண்ணி கொண்டு வந்தப்பவே உனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு புரிஞ்சுது. நான் கேக்காமலே தூங்குறார்னு சொன்னே. உனக்குச் சின்னதுலேர்ந்தே பொய் சொல்ல வராது."

"அப்புறமும் ஏம்மா நீ ஓடிப் போய்ப் பார்க்கலை?"

அம்மா மகளைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். "அசையாம நில்லு. ஆளுங்க வருவாங்க. தலையெல்லாம் புல்லு." தடித்த விரல்களால் முடியை விலக்கி, துரும்புகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"பார்த்துட்டுத்தான்டி உனக்குப் போன் பண்ணினேன்" என்றாள்.

அடுத்த துரும்பைத் தேடினாள்.